இரவல் வீடு

ஒரு வீட்டிற்குப் புதிதாகக் கொண்டுவரப்பட்ட நாய், அதிலும் காப்பகத்தின் கூண்டிலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ சில வாரங்கள் வைத்துத் தேற்றுவதற்கென்று எடுத்துவரப்பட்ட நாய், முதல் நாளன்று பெரும்பாலும் குரைப்பதில்லை. கட்டிலுக்கடியிலோ, கதவுக்குப் பின்னாலோ, குளியலறை மூலையிலோ முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்துவிடும்; வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பாராது; தூக்கினால் எதிர்க்காது; குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் வாய் திறவாது. இதைக் கண்ட வீட்டார், 'எவ்வளவு சாதுவான பிராணி!' என்று பூரித்துப்போய் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவதும், அன்றைக்கே சோப்புப் போட்டு நீராட்டிக் கழுத்துக்குப் பட்டை பூட்டி அழகு பார்ப்பதும், பத்துப் பன்னிரண்டு நாள் சென்றபின் அதே நாய் வாசலுக்கு வந்த பால்காரரைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமும்போது, 'வந்தபோது நன்றாகத்தானே இருந்தது, நாம் என்ன குறை வைத்தோம்?' என்று மனம் கலங்குவதும் அடிக்கடி காணக்கூடிய காட்சிகள். உண்மையில் அந்த நாய் இடையில் கெட்டுப்போகவில்லை. முதல் நாள் வீட்டார் கண்டது அதன் சுபாவத்தை மறைத்துக்கொண்டிருந்த பயத்தை. பன்னிரண்டாம் நாள் கண்டதுதான் அந்த நாயை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அதன் தேகத்தினுள் நடைபெறும் மாறுதல்களை அறிந்துகொண்டால், நாம் செய்ய வேண்டிய உபசாரம் எது, செய்யாமல் விடவேண்டிய உபசாரம் எது என்பது தானே விளங்கும்.

பிராணிகளுக்கான காப்பகங்களில் இடம் எப்போதும் குறைவு. வந்து சேரும் ஜீவன்களின் வரவோ ஓய்வதில்லை. சென்னையில் 1959-இல் காப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தாருடன் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற தர்ம ஸ்தாபனங்களாயினும் சரி, பெயர் வெளியே தெரியாமல் தம் வீட்டு வாசலிலேயே இப்பணியைச் செய்துவரும் தனி மனிதராயினும் சரி, எல்லோரையும் வருத்துவது இந்த இடநெருக்கடியே. வண்டியில் அடிபட்டு எலும்பு கூடிவரும் நாய், தாயை இழந்த குட்டி, கூட்டத்தின் கூச்சலில் நடுங்கி உணவை மறந்த கிழட்டு நாய் ஆகியவற்றை, நிரந்தரமாகத் தத்தெடுப்பவர் கிடைக்கும்வரை ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவைப்பதே தற்காலிக வளர்ப்பு; அக்குடும்பத்தின் வீடே அவற்றுக்கு இரவல் வீடு. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் இடைவிடாது வாதாடியதன் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் அடிக்கும் கையைத் தடுக்கலாம். அடிபட்ட ஜீவனுக்கு நிம்மதியாக உறங்க ஓர் இடம் தருவது சட்டத்தால் ஆகாது. கதவைத் திறக்கும் குடும்பத்தால்தான் ஆகும்.

இனி, கட்டிலுக்கடியில் கிடக்கும் அந்த நாயின் தேகத்தினுள் நடப்பதைப் பார்ப்போம். அபாயம் என்று மூளை கணித்த மாத்திரத்தில், சிறுநீரகங்களின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் பாய்ச்சுகிறது. இதயம் படபடக்கிறது, கண்மணி விரிகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. இது நொடிப்பொழுதில் எழுந்து, காரணம் நீங்கினால் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். இதற்குப் பின்னாலேயே, சற்று மந்தமாக, மற்றொரு ஏற்பாடும் புறப்படுகிறது. மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு ரசாயனத் தூதை அனுப்ப, பிட்யூட்டரி தன் ஹார்மோனை இரத்தத்தில் விட, அதன் ஏவலால் அட்ரினல் சுரப்பிகளின் மேற்பட்டை கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கிறது. கார்ட்டிசாலின் வேலை, வரப்போகும் போராட்டத்திற்காகத் தேகத்தின் செல்வத்தையெல்லாம் திரட்டிவைப்பது: இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, சீரணம், புண் ஆறுதல், நோயெதிர்ப்பு முதலிய சாவகாசமான காரியங்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. புது நாய் சோற்றைத் தொடாமலிருப்பதும், தொட்டால் மறுநாள் வயிறு இளகிப்போவதும், ஆறிவந்த புண் தேங்கிநிற்பதும் ஒரே சூத்திரத்தின் பல முகங்கள். அசையாமல் கிடப்பதும் அவ்வாறே. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் துணிவில்லை என்னும் நிலையில் பிராணிகள் உறைந்துபோவது மிகப் புராதனமான தற்காப்பு. காதை இழுக்கும் குழந்தையை அந்த நாய் சகித்துக்கொள்கிறது என்று எண்ணுவது ஆபத்தான பிரமை.

இந்நிலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பொதுக் காப்பகத்து நாய்களின் இரத்தத்தைப் பரிசோதித்து மைக்கேல் ஹென்னஸியும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காப்பகத்திற்கு வந்து முதல் 3 நாட்களுக்குள் இருந்த நாய்களின் கார்ட்டிசால், அங்கே ஒரு வாரத்திற்கு மேல் இருந்து பழகிவிட்ட நாய்களுடையதைக் காட்டிலும் உயர்ந்திருந்தது. 'முதல் மூன்று நாள் விட்டுப்பிடி' என்று அனுபவசாலிகள் சொல்லிவரும் யோசனைக்கு இது தக்க ஆதாரம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா கண்டர் முதலியோர் 2019-இல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சி இதைவிட நமக்கு நெருக்கமானது. ஐந்து காப்பகங்களிலிருந்து நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் குடும்பங்களில் தங்கவைத்து, சிறுநீரிலுள்ள கார்ட்டிசாலை முன்னும் பின்னும் அளந்தார்கள். வீட்டில் தங்கிய நாட்களில் அது தணிந்தது. இடையூறில்லாமல் தொடர்ந்து ஓய்வெடுத்த நேரமும் வீட்டில்தான் அதிகம். காப்பகத்திற்குத் திரும்பியபோது கார்ட்டிசால் பழைய அளவுக்கே ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. 'இரண்டு நாள் சுகம் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினால் துயரம் இரட்டிக்குமே' என்று அஞ்சி உதவ முன்வராதிருப்போர் பலர். அவர்கள் இந்த முடிவை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஒருமுறை ஏற்பட்ட பயம் எவ்வளவு ஆழத்தில் தங்கிவிடும் என்பதற்கும், அதை ஆற்றுவது எது என்பதற்கும் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவின் ஆராய்ச்சிசாலையில் நடந்த ஒரு சம்பவத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1924 செப்டம்பரில் நேவா நதி பெருகி லெனின்கிராடு நகரத்தை மூழ்கடித்தபோது, தாழ்வான கட்டடத்தில் அடைபட்டிருந்த பாவ்லவின் நாய்கள் கழுத்தளவு நீரில் தத்தளித்து, பெரும் பாட்டுடன் மீட்கப்பட்டன. வெளிப்பார்வைக்கு யாதொரு சேதமும் இல்லை. ஆனால் சில நாய்களிடம், வருஷக்கணக்காகப் பழக்கி உறுதிப்படுத்தியிருந்த எதிர்வினைகள் மறைந்துபோயிருந்தன. உணவோடு சேர்த்துப் பழக்கிய மணியோசைக்கு உமிழ்நீர் சுரக்கவில்லை, அருகில் வைத்த உணவையும் ஏற்கவில்லை. பாவ்லவின் சகாவான ஸ்பெரான்ஸ்கி, நாயைத் தனியே விடாமல் அதே அறையில் தாமும் உடனிருந்தபோது, மறைந்த எதிர்வினைகள் திரும்பின; அவர் வெளியேறியதும் மீண்டும் குலைந்தன. பல வாரங்களுக்குப் பின் எல்லாம் சீரடைந்த நிலையில், சோதனைக்காகக் கதவின் அடியில் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார்கள். அறையின் தரையில் பரவிய அந்தச் சிறு ஓடை ஒன்றே போதுமாயிருந்தது. நாய் பதறித் துடித்தது, மீண்டும் யாவும் அழிந்தன. நம் வீட்டுக்கு வரும் நாயின் பூர்வ கதை நமக்குத் தெரியாது. துடைப்பத்தைக் கையில் எடுத்தவுடன் அது சிறுநீர் கழித்துவிட்டால், அதன் வாழ்விலும் எங்கேயோ ஒரு வெள்ளம் வந்துபோயிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அதட்டுவதால் அந்த நினைவு போகாது. ஸ்பெரான்ஸ்கி செய்தது வேறொன்றுமில்லை, கூட இருந்தார்.

ஆகவே முதல் மூன்று நாட்களின் தர்மம் மிகவும் எளியது; எளியதாயிருப்பதாலேயே செய்வதற்கு அரியது. வீட்டில் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, பழைய போர்வையை மடித்துப் போட்டு, மேலே ஒரு மேஜையோ முக்காலியோ கூரைபோல் அமையும்படி செய்து, தண்ணீரை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, ஒரே வேளையில் உணவு, ஒரே வேளையில் வெளியே அழைத்துப்போதல், ஒரே மூலையில் உறக்கம் என்று நாளின் போக்கை இம்மியும் பிசகாமல் நடத்திவர வேண்டும். அடுத்து நடக்கப்போவது இன்னதென்று முன்கூட்டி அறிய முடிகிற ஜீவனுக்குப் பயம் குறையும். மூலைக்குள் கையை நீட்டித் தொடுவது, வெளியே இழுத்துக் கொஞ்சுவது, விருந்தாளிகளுக்குக் காட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் பிற்பாடு. உண்ணியிருந்தால் மருத்துவர் தரும் மாத்திரை பார்த்துக்கொள்ளும். அழுக்கு ஒரு வாரம் பொறுக்கும். வீட்டிலுள்ள ஒருவர் அம்மூலைக்குச் சற்று எட்ட, பக்கவாட்டில் திரும்பியபடி தரையில் உட்கார்ந்து, பத்திரிகை வாசித்தோ கீரை ஆய்ந்தோ தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். எழுந்துவந்து முழங்கையை முகர்ந்துவிட்டுப் போகும் அந்தத் தருணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நாயினுடையது.

வீடு என்பது நமக்குப் பழகிப்போன ஒன்றாகையால், அதில் எத்தனை விபரீதங்கள் இருக்கின்றன என்பது நம் கண்ணில் படுவதில்லை. தெருவில் பிறந்து வளர்ந்த நம் நாட்டு நாய் மனிதரை அறியாததன்று. டீக்கடை பெஞ்சையும், ஆட்டோவின் ஹாரனையும், மீன்காரியின் குரலையும் அது நன்கறியும். அறியாதது கூரையும் சுவரும் உள்ள உலகம். தலைக்கு மேலே ஓயாமல் சுழலும் மின்விசிறி அதற்கு முதல் ஆச்சரியம். பருந்தின் நிழலுக்குப் பதுங்குவதுபோல் தாழ்ந்து ஓடும். வழவழப்பான டைல்ஸ் தரை அடுத்த சங்கடம். மண்ணிலும் தாரிலும் நகத்தை ஊன்றி நடந்த பாதம் அங்கே பிடிமானம் கிடைக்காமல் வழுக்க, வழுக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கி நகங்களை மேலும் அழுத்தி ஊன்ற, நகத்தின் நுனி டைல்ஸில் இன்னும் வழுக்க, நான்கு கால்களும் நான்கு பக்கம் பரந்து மார்பு தரையில் மோதி விழுந்த நாய், அதன் பிறகு கூடத்தைக் கடக்கவே மறுத்து வாசற்படியில் நின்றுவிடுவதுண்டு. வாசலிலிருந்து அதன் மூலைவரைக்கும் சாக்கையோ தென்னைநார் மிதியடிகளையோ வரிசையாக விரித்துவிட்டால், பாதத்தின் மெத்தைகள் பற்றிக்கொள்ளும், நகங்களை ஊன்ற வேண்டியிராது, இரண்டே நாளில் அது நிமிர்ந்து நடக்கும். குக்கரின் விசில், மிக்சியின் இரைச்சல், கதவு மூடியபின் தானே கீழே இறங்கும் லிஃப்டு, நிலைக்கண்ணாடியில் எதிர்ப்படும் அந்நிய நாய் இவற்றையெல்லாம் ஒரே நாளில் அறிமுகப்படுத்தக் கூடாது. மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளோடு நின்றுவிட, நாயின் செவி 40,000-க்கும் மேலே செல்கிறது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் விசிலில் நமக்குக் கேட்காத கூர்மையும் அதற்குக் கேட்கிறது. முதல் வாரத்தில் குக்கர் வைக்கும்போது நாய் இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதும், தீபாவளிக்கு முந்திய நாட்களில் புது நாயை வீட்டுக்குக் கொண்டுவராமல் தள்ளிப்போடுவதும் பெரிய சிரமங்களல்ல.

எல்லா நாய்களும் ஒரே காலத்தில் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆராய்ச்சிசாலையில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பிறந்த 3-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரம் வரையிலான காலமே குட்டி உலகத்தோடு உறவுகொள்ளும் பருவம் என்று கண்டார்கள். அதே இடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் நடத்தி 1961-இல் வெளியிட்ட சோதனையில், உயர்ந்த வேலிக்குள் மனிதர் கையே படாமல் 14 வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு அன்பாகப் பழக்கியும் காட்டு மிருகம்போல் மனிதரைக் கண்டு விலகின. நம் தெருக் குட்டிகளில் பெரும்பாலானவை அந்த வாரங்களில் யாரோ ஒருவர் கையால் ரொட்டி தின்றவை. அது பெரும் பேறு. கட்டடம் எழும்பும் மனையின் உள்ளே ஒதுக்குப்புறத்தில் பிறந்து, ஆள் நடமாட்டமின்றி மூன்று மாதம் கழித்த குட்டியோ நீண்ட பொறுமையைக் கோரும். அத்தகைய குட்டி ஆறு மாதம் ஆகியும் மடியில் வந்து படுக்கவில்லையென்றால், அது வளர்ப்பவரின் தோல்வியுமன்று, குட்டியின் குற்றமுமன்று. கதவு திறந்திருந்த பருவத்தில் யாரும் உள்ளே வரவில்லை, அவ்வளவே.

நாய்க்கு ஒரு வீடு முதலில் மணமாகவே அறிமுகமாகிறது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து கிரெகரி பெர்ன்ஸ் என்பவர், நாய்களை விழித்தநிலையிலேயே அசையாமல் எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கப் பழக்கி, 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழகிய மனிதரின் மணம், அந்நியரின் மணம், பழகிய நாயின் மணம், அந்நிய நாயின் மணம், தன் சொந்த மணம் ஆகியவற்றை முகரச்செய்து பார்த்தார். இன்பத்தை எதிர்நோக்கும்போது விழித்தெழும் மூளைப்பகுதி மிகுதியாகத் தூண்டப்பட்டது பழகிய மனிதரின் மணத்திற்கே. அம்மனிதரோ அந்த அறையிலேயே இல்லை. ஆகவே காப்பகத்திலிருந்து கிளம்பும்போது அங்கே அது படுத்திருந்த சாக்கைத் துவைக்காமல் அப்படியே உடன் கொண்டுவருவதும், நாம் உடுத்தியிருந்த பழைய துணியொன்றை அதன் மூலையில் போட்டுவைப்பதும் வீண் சம்பிரதாயங்களல்ல. முதல் வாரத்தில் தரையை வாசனைத் திராவகங்களால் தினந்தோறும் கழுவுவது, அது சிரமப்பட்டுப் படித்துவைத்த பாடத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

உணவைக் காட்டினால் நாயின் உள்ளத்தைப் பிடித்துவிடலாம் என்பது பொதுவான அபிப்பிராயம். கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் வங்காளத்துத் தெரு நாய்களிடையே நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் திருத்துகிறது. அந்நியரின் கையிலிருந்து உணவை வாங்கப் பெரும்பாலான நாய்கள் தயங்கின. அதே உணவைத் தரையில் வைத்தால் எடுத்துக்கொண்டன. மீண்டும் மீண்டும் சந்தித்தபோது, உணவு பெற்ற நாய்களைக் காட்டிலும், தலையை மெல்லத் தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களே அம்மனிதரை அதிக நம்பிக்கையுடன் நெருங்கின. நம் தெருக்களில் கல்லடியும் விஷச் சோறும் கண்டு பிழைத்த ஜாதி இது. சோற்றை ஐயுற அதற்குக் காரணம் உண்டு. ஆனால் தடவுதலுக்கும் ஒரு முறை இருக்கிறது. தலைக்கு மேலிருந்து இறங்கும் கை அச்சுறுத்தும். மார்பிலும் கழுத்தின் பக்கத்திலும் மூன்று நான்கு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கையை அது மூக்கால் தட்டினால் மேலும் தடவலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, பசியில்லாமலே மூக்கை நக்கிக்கொண்டாலோ, கண்ணின் வெண்மை பிறைபோல் தெரிந்தாலோ, போதுமென்று சொல்கிறது. உறுமல் இவற்றுக்கெல்லாம் பின்னர் வருவது. உறுமிய நாயை அடித்துத் திருத்திவிட்டதாகச் சிலர் பெருமைப்படுவார்கள். அவர்கள் திருத்தியது எச்சரிக்கையை மட்டுமே, பயம் உள்ளே அப்படியே இருக்கிறது. எச்சரிக்க வழியற்ற நாய் அடுத்தமுறை நேரே கடிக்கும். ஆகையால் குழந்தைகளுள்ள வீட்டில், உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது, கட்டித் தழுவலாகாது என்பதை நாய் வருமுன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

எலும்பும் தோலுமாக வந்த நாயைக் கண்டால் தட்டு நிறையச் சோறும் கறியும் போட நம் கை பரபரக்கும். இந்த இடத்தில் இரக்கமே உயிருக்கு உலை வைக்கக்கூடும். நீண்ட பட்டினியில் தேகம் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழப் பழகியிருக்க, திடீரென்று மாவுப் பொருள் ஏராளமாக உள்ளே சென்றால் இன்சுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புக்களைச் செல்களுக்குள் இழுத்துச் சென்றுவிடும். இரத்தத்தில் அவை வறண்டுபோக, இதயம் தடுமாறி, உணவு கிடைத்த பிறகே பிராணி இறந்துபோவதுண்டு. முதலில் சிறு சிறு பங்காக, நாளில் பலமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்துப் பல நாட்களில் உயர்த்துவதே முறை. நல்ல உடற்கட்டோடு வந்த நாய்க்கும், காப்பகத்தில் தின்ற உணவையே முதலில் தொடர்ந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக நம் வீட்டு உணவைக் கலந்து மாற்ற வேண்டும். நம் பக்கத்து நாய்கள் தயிர்சாதம் தின்று வாழ்வதைக் கண்டு வியப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013-இல் காட்டியபடி, மாவுப் பொருளைக் கரைக்கும் அமிலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. மனிதரின் சோற்றுப் பானையோடு அது கொண்ட உறவு மரபணுவிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் சோறு மட்டும் போதாது, முட்டையோ இறைச்சியோ வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமேனும் புதியதைத் தனியறையில் வைப்பது அவசியம். பார்வோ வைரஸ் உடலில் புகுந்தபின் சில நாட்கள் யாதொரு குறியும் காட்டாது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும். தடுப்பூசிகளும், வெறிநோய்த் தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் மருத்துவர் கையால் முறைப்படி நடக்கட்டும். கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; இதில் தாட்சண்யத்துக்கு இடமில்லை. நோயுற்ற நாயைப் பேணுவது மனித ஜாதிக்குப் புதியதன்று என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ஜெர்மனியில் பான் நகரத்தருகே ஓபர்காசல் என்னும் இடத்துக் கல்லுடைப்பில் 1914-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்ட, ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழமையான குழி அகப்பட்டது. உடன் ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்த லூக் யான்சன்ஸ் முதலியோர், குட்டியாயிருந்தபோதே அதற்கு டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய் கண்டிருக்கிறது என்றும், வாரக்கணக்கில் யாரேனும் பக்கத்திலிருந்து ஊட்டித் துடைத்துக் காப்பாற்றியிராவிட்டால் அது ஏழாம் மாதத்தை எட்டியிருக்காது என்றும் 2018-இல் எழுதினார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் அந்தக் குட்டி பயன்பட்டிருக்க வழியில்லை.

புதிய நாய் தப்பியோடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். இட்ட பெயர் இன்னும் அதன் பெயராகவில்லை. வீட்டின் திசையும் மனத்தில் பதியவில்லை. வீட்டுக்கதவும் வெளிக்கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்கலாகாது. வெளியே கொண்டுபோகும்போது கழுத்துப்பட்டை ஒன்றை மட்டும் நம்பாமல் மார்போடு பூட்டும் வாரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பட்டையில் தொலைபேசி எண் வந்த அன்றே எழுதப்பட வேண்டும். ஓடிவிட்டால் துரத்துவது அதை மேலும் ஓட்டும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தரையில் உணவைச் சிதறி, அது திரும்பி வரும்வரை காத்திருப்பதே நலம்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய்களை மீட்டு வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: மூன்று நாளில் மூச்சு நிதானப்படும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையதாகும் என்று. இதை நியமமாகக் கொள்ளாமல் பொதுவழக்காகக் கொண்டால் பயனுள்ளதே. இரண்டாம் வாரத்திலிருந்து உண்மையான சுபாவம் தலைகாட்டும். செருப்பைக் கடிக்கும், அழைப்புமணிக்குக் குரைக்கும், சோபாவில் ஏறும். கவனமுள்ள வளர்ப்பாளர் இதைக் கண்டு வருந்தமாட்டார், இதற்காகத்தான் காத்திருந்தார். தனிமையைப் பழக்க வேண்டிய காலமும் இதுவே. நாள் முழுவதும் உடனிருந்துவிட்டுத் திடீரென்று ஒருநாள் எட்டு மணி நேரம் பூட்டிச் சென்றால், நாய் கதவின் விளிம்பைச் சுரண்டியும் ஊளையிட்டும் தவிக்கும். அந்தச் சுரண்டல் பெரும்பாலும் நாம் வெளியேறிய கதவில்தான் இருக்கும் என்பதிலிருந்தே அது குறும்பன்று, தேடல் என்று விளங்கும். சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, வெளியே ஒரு நிமிஷம் நின்று திரும்புவதும், பிறகு ஐந்து நிமிஷம், பிறகு கால் மணி என்று நீட்டுவதும், போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் செய்யாதிருப்பதுமே இதற்குச் சிகிச்சை.

இவ்வளவும் செய்து பழக்கியபின் அதைப் பிறர் கையில் ஒப்படைப்பது பாவமல்லவா என்று கேட்பார்கள். இரவல் வீட்டுக்காரரின் கண்ணும் அந்நாளில் கலங்கத்தான் செய்யும். ஆனால் நாயின் உள்ளத்தைப் பற்றி நாம் அறிந்தது ஆறுதலானது. புடாபெஸ்ட் நகரில் எட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்து மார்த்தா காக்சியும் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காப்பகத்தில் வாழ்ந்த வளர்ந்த நாய்களோடு ஒரு மனிதர் மூன்றே முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிஷம் பழகினார். அதன்பின், குழந்தைக்கும் தாய்க்குமுள்ள பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த முறையை நாய்க்கேற்ப மாற்றிச் சோதித்தபோது, அந்நாய்கள் அவரையே நாடின. அவர் வெளியேறிய கதவருகே நின்றன, திரும்பியபோது ஓடி வரவேற்றன. பிணையும் சக்தி நாயிடம் ஒரே ஒருமுறை செலவாகித் தீர்ந்துபோவதன்று. நம்மிடம் நம்பப் பழகிய நாய், அந்தப் பழக்கத்தோடுதான் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது.

எனினும் ஒப்படைப்பை ஒரே மாலையில் முடித்துவிடலாகாது. தத்தெடுப்போர் இரண்டு மூன்று முறை இரவல் வீட்டுக்கே வந்து, உடன் நடந்து, தம் கையால் உணவு வைத்துப் பழகிய பிறகே அழைத்துப்போகட்டும். ஒரு வாரத்திற்கு வேண்டிய உணவும், துவைக்காத போர்வையும் கூடவே போக வேண்டும். புது வீட்டிலும் முதல் மூன்று நாள் விருந்தாளி கூடாது, குளியல் கூடாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எந்த வேளைக்கு எவ்வளவு உண்ணும், வெளியே போக எந்தச் சொல்லுக்கு எழுந்து நிற்கும், துடைப்பத்துக்கு அஞ்சுமா, குக்கர் விசிலுக்கு எங்கே ஒளியும், தடவினால் எந்த இடத்தில் சுகப்படும், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பும் என்பதையெல்லாம் உடனிருந்து கண்டவர் ஒருவரே எழுத முடியுமாதலால், அவற்றை ஒரு தாளில் எழுதித் தடுப்பூசிச் சீட்டோடு சேர்த்துக் கொடுப்பது இரவல் வீட்டாரின் கடமை.